ஓட்டா, காசா?

நவம்பரில் ஹோல்ஸ்டன் ஆற்றின் மேல் மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்க்கரை என்று ஒன்று இருந்ததே மனசுக்கு மறந்துபோகும். தண்ணீர் எங்கே முடிகிறது, ஆகாயம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. தேர்தல் நாளாக இருந்தால் அதற்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் மெல்ல வரும். "ஓட்டா, காசா?"

அது படகுக்காரன் ஆஷர் கோயினின் குரல். ஓட்டுப் போடப் போகிறவனுக்கு அன்றைக்குப் படகு இலவசம். மற்றவர்கள் படகின் கம்பத்தில் தொங்கும் சுரைக்குடுக்கைக்குள் ஒரு ஃபிப் போட வேண்டும். ஃபிப் என்பது பொடிசான ஸ்பானிய வெள்ளிக் காசு; உள்ளே விழுந்தால் டங்கென்று ஒரு சத்தம் கேட்கும். ஆஷரின் அப்பா காலத்தில் ஏற்பட்ட வழக்கம் இது. ஊரில் எத்தனையோ வழக்கங்கள் வந்து போயின, இது மட்டும் போகவில்லை.

என் பெயர் டார்க்கஸ் புரூயிட். தென்கரையில் சத்திரம் நடத்துகிறவள், புருஷனை இழந்தவள், வாய் கொஞ்சம் நீளம். ஓட்டுப்பெட்டி வடகரையில் ஹாட்சரின் மாவு மில்லில்தான் வைப்பார்கள். அங்கே கூடுகிற கூட்டத்துக்கு இஞ்சி ரொட்டியும் ஆப்பிள் மதுவும் விற்க நான் ஒவ்வொரு தேர்தலுக்கும் படகேறுவேன். போகும்போதே குடித்துவிட்டுப் படகில் வாந்தி எடுக்கிற தடியனுக்கு இலவசம். கூடையும் பீப்பாயுமாக வேலைக்குப் போகிற எனக்குக் காசு. பொம்பளைக்கு ஏது ஓட்டு?

"டார்க்கஸம்மா, ஓட்டா, காசா?" என்பான் ஆஷர், முகத்தைப் பெரிய மனுஷன் மாதிரி வைத்துக்கொண்டு.

"தெரிஞ்சுக்கிட்டே கேக்கறே பாரு, உன் வாயில மண்ணு விழ."

"கேக்கணும்ல. ராத்திரியோட ராத்திரியா சட்டம் மாறியிருந்தா?"

"மாறும், மாறும். நீ பொம்பளையா மாறினாக்கூட அது மாறாது. இந்தா, புடி."

டங். அவன் சிரிப்பான். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். பல வருஷங்கள் இதே பேச்சுத்தான். புதிதாக ஒரு வார்த்தை சேர்த்தால்கூட இரண்டு பேருக்கும் ஏதோ குறைந்த மாதிரி இருக்கும்.

ஆஷரின் அப்பா எங்கிருந்து வந்தார், என்ன ஜாதி மனுஷர் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. வெயிலில் காய்ந்த வெள்ளைக்காரர் போலவும் இருப்பார், வேறு எதைப் போலவும் இருப்பார். இங்கே மலையடிவாரத்தில் அப்படிப் பலர் உண்டு. ஆனால் அவன் அம்மா யார் என்று எல்லோருக்கும் தெரியும். வர்ஜீனியாவில் அடிமையாக இருந்தவள். எஜமானி சாகும்போது எழுதிவைத்த விடுதலைப் பத்திரத்தைப் பாவாடை மடிப்பில் தைத்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தவள். பெயர் சூக்கி. டீக்கன் ஓபடையா கிரம் என்று எங்கள் தேவாலயத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் மனைவி பெயரும் சூக்கி. ஆகையால் ஆளை அடையாளம் பிரிக்க, ஆஷரின் அம்மாவை ஊரே 'கறுப்பு சூக்கி' என்றுதான் சொல்லும். அவளும் கூப்பிட்டால் அதற்குத்தான் திரும்புவாள்.

அவளைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் காதில்தான் கேட்கும். மூடுபனி நாட்களில் தென்கரைப் படித்துறையில் நின்று ஒரு மாட்டுமணியை அடிப்பாள். இரண்டு அடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு அடி. நடு ஆற்றில் திசை தெரியாமல் கழியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படகு அந்தச் சத்தத்தைப் பிடித்துத்தான் கரை சேரும். சின்ன வயதில் நானே அப்படி வந்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கிறவர் முகம் தெரியாது. மணி மட்டும் எங்கோ மேகத்துக்குள் மாடு மேய்கிற மாதிரி கேட்கும். பயமே இருக்காது. தூக்கம்தான் வரும். அவள் செத்த பிறகு அந்த மணியை ஆஷர் படித்துறைக் கம்பத்திலேயே தொங்கவிட்டான். காற்று பலமாக அடித்தால் அது தானாக ஒரு அடி அடிக்கும்.

எங்கள் டென்னசியின் பழைய அரசியல் சாசனத்தில் சுதந்திர மனிதன் என்று மட்டும்தான் எழுதியிருந்தது. நிறம் எழுதவில்லை. ஆகவே இருபத்தோரு வயது ஆனதும் ஆஷர் ஓட்டுப் போட்டான். தேர்தல் நாளில் அவன் இருக்கிற இருப்பே வேறு. முகம் மழித்து, நீலக் கோட்டு மாட்டி, அதன் கைகளை மடித்துவிட்டுக் கழி தள்ளுவான். எல்லோரையும் அக்கரை சேர்த்த பிறகு கைகளை இறக்கிவிட்டுக்கொண்டு வரிசையில் போய் நிற்பான். மில் முதலாளி லெமுவல் ஹாட்சருக்குப் பின்னால் அவன், அவனுக்குப் பின்னால் டீக்கனின் தம்பி. வேறு எந்த நாளிலும் அந்த மூன்று பேர் ஒரே வரிசையில் நிற்க மாட்டார்கள். நான் ரொட்டிக் கூடைக்குப் பின்னாலிருந்து பார்ப்பேன். பொறாமையாக இருக்கும், சொல்வதற்கு என்ன.

பிறகு, ஜனாதிபதி தேர்தலில் நின்ற ஜெனரலின் காலம் வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஜனாதிபதி என்றால் கடற்கரைப் பட்டணத்து மாளிகையில் பிறந்து கையுறை போட்டுப் பழகியவராகத்தான் இருப்பார். இவரோ எங்கள் மாநிலத்து ஆள், எங்களைப் போலவே பேசுகிறவர், சண்டை போட்டுக் காயம் பட்டவர். ஹிக்கரி மரம் மாதிரி வளையாதவர் என்று பெயர் வாங்கியவர். அதனால் ஊருக்கு ஊர் ஒரு ஹிக்கரி மரத்தை வெட்டிக் கம்பமாக நட்டார்கள். எங்கள் ஊருக்கு மரம் கொடுத்தவன் ஆஷர். அவன் வீட்டுப் பின்னால் நின்ற மரம். அதைப் படகில் ஏற்றி அக்கரை கொண்டுபோனபோது படகை விட மரம் நீளம். இரண்டு முனையும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு போயிற்று. ஹாட்சரும் அவனும் தோளுக்குத் தோள் கொடுத்து அதைத் தூக்கி நிறுத்தினார்கள். ஜெனரல் ஜெயித்த செய்தி வந்த நாள் பெரிய மனிதர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தங்களில் ஒருவனைத் தாங்களே ஜனாதிபதியாக்கிவிட்டோம் என்ற நினைப்பு குடிக்காமலே போதை ஏற்றியது.

அந்த வருஷத்திலிருந்துதான் ஆஷருக்குக் கனவு வர ஆரம்பித்தது. தேர்தலுக்கு முந்தின இரவு தவறாமல் வரும். ஆற்றில் மூடுபனி. உயரமான தொப்பி வைத்த ஒருவர் படகேறுவார். முகம் தெரியாது, தொப்பி மட்டும் தெரியும். ஜனாதிபதி என்று இவனுக்குப் புரிந்துவிடும். "ஓட்டா, காசா?" என்று கேட்பான். அவர், "ஓட்டு" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் பலகையில் உட்காருவார். இவன் கழி தள்ளுவான். தூரத்தில் அம்மாவின் மணி கேட்கும், இரண்டு அடி, மறுபடி இரண்டு அடி. கரை தட்டுவதற்கு முன்னால் விழிப்பு வந்துவிடும்.

"ஒரு தடவையாவது எறக்கிவிட்டுட்டு முழிச்சுக்கக் கூடாதாடா?" என்று கேட்டேன்.

"எறங்கிட்டா அவரு போயிடுவாருங்க. படகுல இருக்கற வரைக்கும்தான் நம்மகூட இருப்பாரு."

ஜெனரல் இரண்டு தடவை ஜெயித்தார். பெரிய வங்கியை ஒரு கையெழுத்தில் ஒழித்துக்கட்டினார். பிடிக்காத அதிகாரிகளைத் தூக்கிவிட்டுத் தன் ஆட்களை வைத்தார். ஜனங்களுக்காகச் செய்கிறார் என்றார்கள் சிலர். கிரீடம் ஒன்றுதான் பாக்கி என்றார்கள் சிலர். அந்தச் சமயத்தில் இங்கேயும் புது அரசியல் சாசனம் எழுதினார்கள். அது ஜனங்களுக்குக் கதவைத் திறக்கிற காகிதம். இனி நிலம் வைத்திருந்தால்தான் சட்டசபைக்குப் போகலாம் என்பது கிடையாது. கலப்பை பிடிக்கிறவன்கூட நிற்கலாம். ஊரே கை தட்டியது. அதே காகிதத்தில், யார் ஓட்டுப் போடலாம் என்கிற இடத்தில், சுதந்திர மனிதன் என்று இருந்ததைச் சுதந்திர வெள்ளை மனிதன் என்று ஆக்கியிருந்தார்கள். அதற்கு யாரும் கை தட்டவில்லை, முகமும் சுளிக்கவில்லை. ஒருவரும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

அதற்கு அடுத்து வந்த ஆகஸ்ட் தேர்தலில் ஆஷர் குளிர்காய்ச்சலில் படுத்துக்கிடந்தான். அதனால் விஷயம் தள்ளிப்போயிற்று. அப்புறம் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறாம் வருஷம் நவம்பர் வந்தது, ஜனாதிபதி தேர்தல். ஜெனரல் தன் இடத்துக்குத் தானே ஓர் ஆளைக் கைகாட்டியிருந்தார்.

தேர்தலுக்கு முந்தின நாள் ஹாட்சர் என் சத்திரத்துக்கு வந்தார். ஜெனரலுக்காகக் கம்பம் நட்ட அதே ஹாட்சர்தான். அந்த வாரம்தான் அதை வெட்டிச் சாய்த்திருந்தார்.

"இவரு என்ன ராஜாவா, வாரிசு நியமிக்க?" என்று மேஜையைத் தட்டினார். "நம்ம ஓட்டுல ஏறினவரு நமக்கே உத்தரவு போடறாரு. இந்தத் தடவை இந்த ஊரு ஓட்டு அவரு ஆளுக்கு எதிராத்தான் விழணும். ஆனா சரிசமமா நிக்குது. ஒவ்வொரு ஓட்டும் வேணும்."

மூலையில் ஆஷர் சூப் குடித்துக்கொண்டிருந்தான். ஹாட்சர் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஆஷரு, உன் விஷயத்துக்கு ஒரு வழி இருக்கு. கோர்ட்டுல வெள்ளைக்காரனுக்கு எதிரா சாட்சி சொல்லத் தகுதி இருக்கறவன் ஓட்டுப் போடலாம்னு சட்டத்துலயே ஒரு சந்து வச்சிருக்கான். கறுப்பு ரத்தம் இல்லேன்னா ஆச்சு. உங்கம்மா போர்ச்சுகல்காரின்னு வச்சுக்கோ."

ஆஷர் கரண்டியை வைத்தான். "போர்ச்சுகலா? அது எங்கங்க இருக்கு?"

"எங்கயோ இருக்கு, உனக்கென்ன? மலைமேல இருக்கறவங்கள்லாம் அப்படித்தானே சொல்றாங்க? கப்பல் ஒடைஞ்சு கரை ஒதுங்கின ஜனம்னு. நீ வாயே தொறக்க வேணாம். நான் சத்தியம் பண்றேன். இன்னும் நாலு பேரு பண்ணுவாங்க. நீ சும்மா நின்னா போதும்."

"நான் உங்க ஆளுக்குத்தான் போடுவேன்னு எப்படித் தெரியும்?"

"போடுவே. வேற யாரு உனக்கு இவ்வளவு செய்வா?"

அவர் போனதும் ஆஷர் என்னைப் பார்த்தான். அத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் யோசனை கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"சொல்லிடட்டுமா, டார்க்கஸம்மா?"

"சொல்லித் தொலையேன். ஊரு ஒலகத்துல பொய் சொல்லாம யாரு ஓட்டுப் போடறான்? செத்தவளுக்கு என்ன நஷ்டம்?"

"எனக்கு அந்த ஓட்டு வேணும்ங்க. வேணாம்னு பொய் சொல்ல மாட்டேன். அந்த ஒரு நாள்தான் நானும் மனுஷன்னு எழுதி வச்ச மாதிரி இருக்கும்." சூப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அம்மாவுக்குக் கேக்காதுங்கறீங்களா?"

அடுப்பைக் கிளறப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அப்படி ஒரு மூடுபனி. படித்துறைக் கம்பம்கூடப் பக்கத்தில் போனால்தான் தெரிந்தது. ஆஷர் நீலக் கோட்டு போட்டிருந்தான். என்னைக் கண்டதும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் படகேறுவது, மணி அடிக்கிற கை பாதியில் நின்றுபோன மாதிரி இருந்தது. நானே ஒரு ஃபிப்பைக் குடுக்கையில் போட்டேன். நடு ஆற்றில், மற்றவர்கள் கதகதப்புக்காக ஒட்டி உட்கார்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தபோது, என் பக்கம் குனிந்து சொன்னான்.

"நேத்து அவரு வந்தாரு."

"தொப்பிக்காரரா?"

"ஆமாங்க. நான் கேக்கறதுக்கு முன்னாடி அவரே கேட்டுட்டாரு. ஓட்டா, காசான்னு. எனக்கு வாய் வரலை. மணியும் கேக்கலை."

கழி தண்ணீருக்குள் போய் வருகிற சத்தம் மட்டும் கேட்டது.

மில்லில் மாவு மூட்டைகளை ஒதுக்கி மேஜை போட்டிருந்தார்கள். பெட்டிக்குப் பின்னால் டீக்கன் ஓபடையா உட்கார்ந்திருந்தார். கதவு வழியாக மூடுபனி உள்ளே நுழைந்து, மாவுத்தூசியோடு கலந்து, மனிதர்கள் எல்லோரும் பாதி அழிந்த படம் மாதிரி இருந்தார்கள். ஆஷர் வரிசையில் நின்றான். முன்னால் ஹாட்சர். அவர் போட்டுவிட்டு நகரவில்லை. ஆஷரின் முறை வந்தது. கையில் மடித்த சீட்டு.

டீக்கன் அவன் முகத்தைப் பார்க்காமல் தொண்டையைக் கனைத்தார். "ஆஷரு... புதுச் சட்டம் இருக்கே."

"அவன் அம்மா போர்ச்சுகல்காரி," என்றார் ஹாட்சர். "நான் சத்தியம் பண்றேன்."

"ஆமா, போர்ச்சுகல்காரிதான்," என்றான் பின்னால் ஒருவன். "எங்கப்பா சொல்லியிருக்காரு," என்றான் இன்னொருவன். யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அவனுக்கு நல்லது செய்கிற சந்தோஷம் அவர்களுக்கு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

டீக்கனுக்கும் நிம்மதி. "அப்ப சரி. ஆஷரு, ஆமான்னு தலையாட்டு, போதும். போட்டுட்டுப் போ."

ஆஷரின் கை பெட்டியின் மேல் இருந்தது. சீட்டின் ஒரு முனை துவாரத்துக்குள் போயிருந்தது. போட்டுவிடுவான் என்றே நினைத்தேன். போட்டுவிடு, போட்டுவிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டும் இருந்தேன். அப்போது அவன் மெதுவாகக் கேட்டான்.

"டீக்கன் ஐயா, இந்த மாதிரி மூடுபனியில நீங்க எத்தனையோ தடவை ஆத்தைத் தாண்டியிருக்கீங்க. கரையில மணி அடிச்சது யாருங்க?"

"சூக்கி," என்றார் டீக்கன்.

"எந்த சூக்கிங்க?"

டீக்கன் வாயைத் திறந்தார். முப்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய பெயர் நாக்கு நுனியில் நின்றது. சொல்லவில்லை. முகம் சிவந்துவிட்டது. ஹாட்சர் தரையைப் பார்த்தார்.

"நீங்க எல்லாரும் கூப்பிட்ட பேருதான். அந்தப் பேருக்குத்தான் அவங்க திரும்புவாங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு வேற பேரு சொன்னா நாளைக்கு நான் அவங்களை எப்படிங்க கூப்பிடுவேன்?"

சீட்டை வெளியே இழுத்து, மறுபடி நேராக மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான். வரிசையில் பின்னால் நின்றவனுக்கு வழி விட்டான். யாருக்குப் போட இருந்தான் என்று அந்தச் சீட்டில் இருந்திருக்கும். ஒருவரிடமும் காட்டியதில்லை, நானும் கேட்டதில்லை.

ஹாட்சரின் ஆள் எங்கள் மாநிலத்தில் ஜெயித்தார். நாட்டில் ஜெயித்தது ஜெனரல் கைகாட்டியவர். அதெல்லாம் பிறகு வந்த செய்தி. அன்று மாலை வரை ஆஷர் ஓட்டுக்காரர்களை ஏற்றி ஏற்றி இறக்கினான். ஒருவனிடமும் காசு கேட்கவில்லை. அவர்களும் அவனோடு பேசவில்லை. கடைசி நடையில் நானும் காலிக் கூடையும்தான். மூடுபனி இன்னும் கலையவில்லை. ஆற்றின் நடுவில் அவன் கழியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவனுக்கு என்ன கேட்டதோ, கழியைச் சற்றே இடப்பக்கம் சாய்த்துத் தள்ளினான். படகு நேராகப் படித்துறையில் போய்த் தட்டியது.

நான் எழுந்து என் ஃபிப்பைக் குடுக்கையில் போட்டேன். டங்.

இறங்கப் போனவள் இன்னொரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். நீலக் கோட்டுப் பையிலிருந்து ஒரு காசை எடுத்துத் தன் குடுக்கையில் தானே போட்டுவிட்டு நின்றான் ஆஷர்.

"என்னடா பண்ற? உன் படகுதானேடா இது?"

"படகு என்னுதுதாங்க." கோட்டின் கைகளைப் பழையபடி மடித்துவிட்டான். "எலெக்‌ஷன் நாளாச்சே. ஓட்டா, காசான்னு கேட்டா நான் வேற என்ன சொல்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் முன்னால் அழக் கூடாது என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் படியேறினேன்.

ஆஷர் இன்னும் பல வருஷங்கள் படகு தள்ளினான். வழக்கத்தை மாற்றவில்லை, ஓட்டுக்காரர்களுக்கு இலவசம்தான். ஒவ்வொரு தேர்தல் நாளிலும் நான் ஏறியதும் அவன் மறுபடியும் பெரிய மனுஷன் முகத்தோடு, "ஓட்டா, காசா, டார்க்கஸம்மா?" என்பான். நான் திருப்பி, "உனக்கு எதுடா?" என்பேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் காசைப் போடுவோம்.